வாசகர் கேள்விக்குப் பதில்: சிறைக்குள் ஒரு பாட்டுவட்டம்

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் வாரந்தோறும் கூடிப் பாடும் தமிழ்ப் பெண்கள் நாங்கள். சிறையில் உள்ள பெண்களோடு சேர்ந்து பாட ஆசை. எப்படித் தொடங்குவது?

பதில்: அவசியம் போங்கள் அம்மா. நான் சில ஆண்டுகள் போய்வந்தவள். திகாரில் பெண்களுக்கானது 6-ஆம் எண் சிறை. கண்காணிப்பாளருக்கு மனு எழுதும்போது சுருதிப்பெட்டி, கஞ்சிரா உட்பட கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும் குறிப்பிடுங்கள்.

கச்சேரி மட்டும் வேண்டாம். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிப் பாடும் பாட்டாக எடுங்கள். கும்மிப்பாட்டு போதும். நம் நாட்டுச் சிறைகளில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். போன வாரம் பாடியவர் இந்த வாரம் ஜாமீனில் போயிருப்பார். அதனால் ஒரே அமர்வில் கற்கும் பாட்டுதான் சரி.

அப்புறம், தாலாட்டை விட்டுவிடாதீர்கள். ஆறு வயது வரை பிள்ளைகள் தாயோடு உள்ளே இருக்கலாம். நான் 'ஆராரோ' தொடங்கிய அன்று, அதுவரை வாய் திறக்காத ஒரு போஜ்புரிப் பெண் தன் ஊர்த் தாலாட்டைப் பாடினார். அடுத்த வாரம் அவர்தான் எங்களுக்கு ஆசிரியை. என்ன வழக்கு என்று யாரிடமும் கேட்காதீர்கள். எந்த ஊர்ப் பாட்டு என்று கேளுங்கள்.