உயரம் குறைத்த பிக்கப்பில் அதிர்வு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐஸ் பெட்டிகளை ஏற்றி இறக்க வசதியாக இருக்கும் என்று, எங்கள் பிக்கப்பின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளின் வளைவைக் குறைத்து, பட்டையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளையும் மாற்றி 3 அங்குலம் தாழ்த்தினோம். அதன் பிறகு 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே தரைத்தகடு நடுங்குகிறது. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (மண்டபம்)

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். தாழ்த்துவதற்கு முன் நடுங்காத ஷாஃப்ட் தாழ்த்திய மறுநாளே கெட்டுப்போக வாய்ப்பு குறைவு. அது நிற்கும் சாய்வுதான் மாறியிருக்கிறது. ஷாஃப்டின் முனையில் மூட்டாக இருக்கும் யூ-ஜாயின்ட் கிராஸ் ஒரு கோணத்தில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தியும் இரண்டு முறை பிந்தியும் சுற்றும். இந்த ஏற்ற இறக்கம் 3 டிகிரிக் கோணத்தில் நூற்றுக்கு 0.14 அளவுதான், 6 டிகிரியில் அது 0.55 ஆகிவிடும், அதாவது கோணம் இரட்டித்தால் தொல்லை நான்கு மடங்காகிறது. முன் கிராஸில் உண்டாகும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் அதே அளவு கோணத்தில் நின்று சரிக்கட்ட வேண்டும். இரண்டு கோணங்களுக்கும் இடையே 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதிர்வை எதிர்பார்க்கலாம்.

உங்கள் வண்டியை ஒத்த ஒரு கணக்கைப் பார்ப்போம். கியர்பாக்ஸ் பின்னோக்கி 3 டிகிரி தாழ்ந்தும், ஷாஃப்ட் 7 டிகிரி தாழ்ந்தும், பின் ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பற்சக்கரமான பினியனின் அச்சு கியர்பாக்ஸுக்கு இணையாக 3 டிகிரியிலும் இருந்தால், முன் கிராஸிலும் பின் கிராஸிலும் வேலைக் கோணம், அதாவது அங்கே இணையும் இரண்டின் சாய்வு வித்தியாசம், 4 டிகிரிதான். ஷாஃப்டின் நீளம் 1.4 மீட்டர் என்றால், 75 மி.மீ. தாழ்த்தும்போது அதன் சாய்வு சுமார் 3 டிகிரி குறைந்து 4 டிகிரிக்கு வரும். ஷேக்கிளை மாற்றியதில் பட்டை திரும்பி, பினியனின் மூக்கும் (முன் நுனி) 2 டிகிரி கீழே இறங்கியிருந்தால், முன் கிராஸில் கோணம் 1 டிகிரியாகவும் பின் கிராஸில் 3 டிகிரியாகவும் ஆகிவிடுகிறது. புது ஷாஃப்ட் வாங்கினாலும் இந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கும்.

ஆகவே முதலில் அளக்க வேண்டும். சமதளத்தில் சக்கரங்கள் தரையில் பதிந்திருக்க, நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையில் பாதியையாவது வைத்து, கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் ஆகிய மூன்றின் சாய்வையும் டிஜிட்டல் கோணமானியால் எடுங்கள். ஜாக்கியில் தூக்கி ஹவுசிங்கை (பின் ஆக்சில் கூட்டை) தொங்கவிட்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது. திருத்துவதற்குப் பட்டைக்கும் ஹவுசிங் இருக்கைக்கும் இடையில் இரும்பு ஆப்புத் தகடு வைப்பதே எளிய வழி. பட்டை ஹவுசிங்குக்கு மேலே உள்ள வண்டியில் தகட்டின் தடித்த பக்கம் பின்னோக்கி இருந்தால்தான் பினியன் மூக்கு உயரும். பட்டை கீழே உள்ள வண்டியில் தடித்த பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். இதை மாற்றி வைத்துவிட்டு "ஆப்பு பயன்படாது" என்று சொல்பவர்கள் உண்டு.

மேற்சொன்ன கணக்கில் 2 டிகிரி ஆப்பு வைத்தால் காகிதத்தில் சரியாக வரும். ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு தானாகச் சற்றே மேலே ஏறும் என்பதால், நான் 1 டிகிரி ஆப்போடு நிறுத்திக்கொள்வேன். பட்டையை ஹவுசிங்கோடு பிணைக்கும் யூ-போல்டுகளைப் புதிதாகப் போட்டு, சில நூறு கி.மீ. ஓடிய பின் மீண்டும் முறுக்கிவிடுங்கள்.

ஷாஃப்டை லேத்தில் கொடுத்து இருமுறை பேலன்ஸ் செய்தும் அதிர்வு போகவில்லை. அவர்கள் சரியாகச் செய்யவில்லையா? (கீழக்கரை)

பேலன்ஸ் குறைந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் அதிரும். கோணக் கோளாறு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும். சக்கரச் சுற்றளவை 2.2 மீட்டர் என்றும் ஹவுசிங் விகிதத்தை (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பதை) 4 என்றும் கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழெட்டு முறையும் ஷாஃப்ட் சுமார் 30 முறையும் சுற்றும். ஸ்டியரிங்கிலோ இருக்கையிலோ மெதுவாக உதறினால் டயரையும் ரிம்மையும் பாருங்கள். ரீங்காரம் போல விரைவாகவும் நுண்மையாகவும் அதிர்ந்தால் ஷாஃப்டைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் அதிர்வு மாறுமானால் கோணத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும், அதற்கு லேத்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தச் சோதனையை நேரான, நெரிசலற்ற சாலையில் செய்யுங்கள். பக்கக் காற்றே வண்டியை உலுக்கும் பாம்பன் பாலம் இதற்கு ஏற்ற இடமன்று.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது ஷாஃப்டின் இரு பாகங்களும் ஒன்றினுள் ஒன்று சறுக்கும் பல் இணைப்பான ஸ்ப்ளைன் ஒரு பல் தள்ளிப் பொருந்தியிருந்தால், கிராஸைப் பிடிக்கும் கவைகளான இரு முனை யோக்குகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காமல் போய், முன் கிராஸின் ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் சரிக்கட்ட முடியாமல் ஆகிவிடும். கழற்றும் முன் இரு பாகத்திலும் பெயின்டால் ஒரு கோடு போட்டால் போதும், பலர் அதைச் செய்வதில்லை.

எங்களுடையது நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் உள்ள இரண்டு துண்டு ஷாஃப்ட். கரிமூட்டை ஏற்றிக் கிளம்பும்போது மட்டும் உதறுகிறது, வேகம் எடுத்தபின் சரியாகிவிடுகிறது. பேரிங்கின் கீழ் வாஷர் வைக்கலாமா? (சாயல்குடி)

அளக்காமல் வைக்க வேண்டாம். பேரிங்கைப் பிடிக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் வாஷர் வைத்தால் பேரிங் கீழே இறங்கும்; தாழ்த்திய வண்டியில் பல நேரம் வேண்டியிருப்பது அதற்கு நேர்மாறானது. முன் துண்டு கியர்பாக்ஸோடு ஏறக்குறைய நேராக, அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரையிலான கோணத்தில் நின்று, மற்ற இரண்டு கிராஸ்களும் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும். கிளம்பும்போது மட்டும் உதறுவது பெரும்பாலும் பட்டை முறுக்குவதாலோ, சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்து தளர்ந்திருப்பதாலோ வருவது. ரப்பரைக் கையால் அசைத்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

கிராஸ் சீக்கிரம் சீக்கிரமாகப் போய்விடுகிறது. இதுவும் தாழ்த்தியதன் விளைவா? (தொண்டி)

பாதி அப்படித்தான். தாழ்த்தியதில் கோணம் முழுக்கப் பூஜ்யமாகிவிட்டால், கிராஸின் நான்கு முனைகளிலும் உள்ள கப்பினுள் இருக்கும் ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று குழி பறித்துவிடும். குறைந்தது அரை டிகிரியாவது கோணம் இருக்க வேண்டும். மறுபாதிக்குக் காரணம் நம் கடற்கரைதான். உப்புக்காற்றோடு மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் நீரும் நேராக ஷாஃப்டின் மேல் விழுகிறது. கப்பின் ஓரத்தில் செங்காவி நிறத்தில் பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை என்று பொருள். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் உள்ள கிராஸ் என்றால், நான்கு கப்புகளிலிருந்தும் புது கிரீஸ் வெளிவரும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் அடுத்து கெடப்போவது. சறுக்கும் ஸ்ப்ளைனுக்கும் கிரீஸ் தேவை.

இன்னும் 2 அங்குலம் தாழ்த்த விரும்புகிறேன். முடியுமா? (இராமநாதபுரம்)

எனக்கு விருப்பமில்லை. தாழ்த்தத் தாழ்த்த ஷாஃப்ட் கியர்பாக்ஸை நோக்கித் தள்ளப்படும். முழுச் சுமையில் பள்ளத்தில் இறங்கும்போது அது உள்ளே முட்டினால் கியர்பாக்ஸின் பேரிங்கும் ஆயில் சீலும் அடிவாங்கும். முழுச் சுமையோடு நிற்கும்போதும் ஸ்ப்ளைன் ஏறத்தாழ 25 மி.மீ. இன்னும் உள்ளே போக இடம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. மேலும், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அளவிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. ஆகவே தகுதிச் சான்று புதுப்பிக்கப் போகும் முன்பும், காப்பீட்டைக் கருதியும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே கழற்றிய பழைய ஷேக்கிளையும் யூ-போல்டையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.