போத்தலை வெடிக்க வைப்பது 4 பாகை அல்ல

உப்புவெளியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "இரவில் பிரீசரில் வைக்கும் கண்ணாடித் தண்ணீர்ப் போத்தல்கள் காலையில் வெடித்துக் கிடக்கின்றன. இரண்டு விரல் இடம் விட்டும் அப்படித்தான். தண்ணீர் 4 பாகையில் விரியத் தொடங்கும், அதற்குக் கீழே போகாமல் நிறுத்த ஒரு கருவி பூட்ட வேண்டும் என்கிறார் பிரிட்ஜ் திருத்துபவர். பூட்டலாமா?"

வேண்டாம் சகோதரி. அவர் சொன்னதில் பாதி சரி. 4 பாகை செல்சியஸ் அளவில்தான் தண்ணீருக்கு அடர்த்தி ஆகக் கூட. அதற்குக் கீழே குளிர்ந்தால் விரியும். எவ்வளவு? 0 பாகை வரை போனாலும் லீற்றருக்கு 0.13 மில்லிலீற்றர். இரண்டு மூன்று துளி! ஐஸாக மாறும்போதுதான் லீற்றருக்கு 90 மில்லிலீற்றர் கூடுகிறது. பிரீசரை 4 பாகையில் நிறுத்தினால் போத்தல் தப்பும், உங்கள் மீனும் இறைச்சியும் கெட்டுப்போகும்.

சரி, இடம் விட்டும் ஏன் வெடித்தது? 4 பாகையைவிடக் குளிர்ந்த தண்ணீர் இலேசாகி மேலே ஏறுகிறது. மேலே கழுத்து ஒடுக்கம். அங்கே முதலில் ஐஸ் பிடித்துத் தக்கை போல அடைத்துவிடும். அப்புறம் கீழே உறையும் தண்ணீருக்கு நீங்கள் விட்ட இரண்டு விரல் இடத்துக்குப் போக வழியில்லை. தோள் வளைவுக்குக் கீழே வரை மட்டும் நிரப்புங்கள். கண்ணாடியையே விட்டு, வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் வைப்பது இன்னும் நல்லது.

இந்தக் கணக்கைக் கடல் தண்ணீருக்குப் போடாதீர்கள். மீனுக்கு ஐஸோடு கடல் தண்ணீர் கலப்பவர்களும் 4 பாகை என்கிறார்கள். கிலோவுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்கு மேல் உப்பிருந்தால், உறையும் வரை குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். 4 பாகையில் திருப்பமே கிடையாது. உறைவதும் 0 பாகைக்குக் கீழேதான். கொட்டியாரக் குடாவில் மகாவலி கலக்கும் இடத்துத் தண்ணீர் என்றால் மாரியில் உப்புக் குறையும், அது வேறு கதை.

பள்ளிக்கூடத்தில் '4 பாகை' என்று எழுதினால் புள்ளி. இரண்டு துளிதான் என்று யார் சொல்லித் தருகிறார்கள்? அந்த அரைகுறைப் பாடத்தை வைத்துத்தான் கருவி விற்கிறார்கள். என் வீட்டிலும் ஒருவர் நல்ல தெர்மோஸ்டட்டைப் பழுதென்று கழற்றிக்கொண்டு போனார். பற்றுச்சீட்டு இல்லாததால் முறைப்பாட்டை எடுக்கவே ஆளில்லை. யார் எதைக் கழற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு காசைக் கொடுங்கள்.