வாசகர் கேட்டவை: ஆசியக் கிண்ணக் காற்பந்து

மலேசியா ஆசியக் கிண்ணத்தில் எத்தனை முறை ஆடியிருக்கிறது? நான் நான்கு என்கிறேன், என் மாமனார் மூன்று என்று அடித்துச் சொல்கிறார்.
(செந்தூல் வாசகர்)

நான்கு. 1976, 1980, 2007, 2023. ஆனால் மாமனாரை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். 2007-இல் போட்டியை ஏற்று நடத்திய நாடு என்பதால் தகுதிச் சுற்று ஆடாமலே நமக்கு இடம் கிடைத்தது. ஆடிப் பெற்ற வாய்ப்பு மூன்றுதான்.

அந்த மூன்றில் கனமானது 1980. குவைத்தில் நடந்த அப்போட்டியில் தென்கொரியாவுடனும் கத்தாருடனும் 1-1 எனச் சமன் செய்தோம். ஐக்கிய அரபு சிற்றரசை 2-0 என வென்றோம், குவைத்திடம் 1-3 எனத் தோற்றோம். ஐந்து அணிகள் இருந்த பிரிவில் மூன்றாமிடம். நமக்கு மேலே இருந்த தென்கொரியாவும் குவைத்தும்தான் இறுதியாட்டத்துக்கே போயின. பிரிவு ஆட்டத்தில் குவைத்தை 3-0 என வீழ்த்திய கொரியா, இறுதியாட்டத்தில் அதே 3-0 கணக்கில் அதே குவைத்திடம் தோற்றது! சிற்றரசை வென்றோமே, 2023 போட்டி வரை ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றில் நமக்குள்ள ஒரே வெற்றி அதுதான்.

2007 ஆசியக் கிண்ணம் புக்கிட் ஜாலிலில் நடந்தது என்கிறார்கள். ஈராக் கிண்ணம் வென்றது அங்கேயா?
(பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

இல்லை. அந்த ஆண்டு மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து நடத்தின. இறுதியாட்டம் ஜூலை 29 அன்று ஜகார்த்தாவின் கெலோரா புங் கார்னோ அரங்கில். யூனிஸ் மஹ்மூத் தலையால் முட்டிய ஒரே கோலில் சவூதி அரேபியா வீழ்ந்தது.

புக்கிட் ஜாலிலுக்குக் கிடைத்தது அதற்கு முந்தைய படி. ஜூலை 25 அன்று ஈராக்கும் தென்கொரியாவும் அரையிறுதியில் மோதின. 120 நிமிடமும் கோல் இல்லை. பெனால்டியில் ஈராக் 4-3. கோல்காவலர் நூர் சப்ரி ஓர் உதையைத் தடுத்தார், கொரியாவின் கடைசி உதை கம்பத்தில் பட்டது. அந்த வெற்றியைக் கொண்டாடத் தெருவுக்கு வந்தவர்கள் பாக்தாத்தில் குண்டுவெடிப்புகளுக்குப் பலியானார்கள். இறுதியாட்டத்தில் ஈராக் வீரர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டி ஆடினார்கள்.

நம் அணியைப் பற்றி அதே அரங்கில் சொல்ல அதிகமில்லை. சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. அடித்த ஒரே கோல் இந்திரா புத்ராவுடையது.

மூன்றாமிடம் பிடித்த அணிகளில் யார் மேலே போவது என்பதை எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.
(பட்டர்வொர்த் வாசகர்)

2019 முதல் 24 அணிகள், ஆறு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் நேராக அடுத்த சுற்றுக்குப் போகும், ஆக 12. ஆறு மூன்றாமிட அணிகளில் சிறந்த நான்கும் சேர்ந்து 16.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரே பிரிவில் இரண்டு அணிகளின் புள்ளி சமமானால், முதலில் அவை இரண்டும் மோதிய ஆட்டத்தின் முடிவைப் பார்க்க வேண்டும், மொத்த கோல் வித்தியாசம் பிறகுதான். வெவ்வேறு பிரிவுகளின் மூன்றாமிட அணிகளோ ஒன்றோடொன்று மோதவே இல்லை. அதனால் அங்கே புள்ளி, அடுத்து கோல் வித்தியாசம், அடுத்து அடித்த கோல் என்று வரிசையாகப் பாருங்கள். அதுவும் சமமானால் அட்டைக் கணக்கு: மஞ்சளுக்கு 1, இரண்டு மஞ்சளால் வந்த சிவப்புக்கு 3, நேரடிச் சிவப்புக்கு 3, மஞ்சள் வாங்கியவர் நேரடிச் சிவப்பும் வாங்கினால் 4. குறைவாக உள்ள அணி மேலே. அதிலும் சமம் என்றால் சீட்டுக் குலுக்கல்.

அட்டையால் வெளியேறுவது ஏட்டில் மட்டும் நடப்பதல்ல. 2019-இல் வியட்நாம், லெபனான் இரண்டுக்கும் 3 புள்ளி, இரண்டும் அடித்தது 4, வாங்கியது 5. வியட்நாமுக்கு 5 மஞ்சள், லெபனானுக்கு 7. வடகொரியாவை 4-1 என வென்றும் லெபனான் வீடு திரும்பியது. இன்னும் ஒரு கோல் போட்டிருந்தால் அட்டையை எண்ணவே வேண்டியிருக்காது. மேலே போன வியட்நாம் பெனால்டியில் ஜோர்டானை வென்று காலிறுதி வரை போனது.

பெனால்டி உதைகள் பாதியில் இருக்கும்போது கோல் கம்பத்தையே மாற்றிய நடுவர் மலேசியராமே?
(ஆயர் ஈத்தாம் வாசகர்)

ஆமாம், சுப்கிடின் முகமட் சாலே. 2004 காலிறுதி, சீனாவின் சோங்சிங் நகரில் ஜப்பானும் ஜோர்டானும். ஆட்டம் 1-1. ஜப்பானின் முதல் இரண்டு உதைகளை எடுத்த நகமுராவும் அலெக்ஸும் இடது காலால் உதைப்பவர்கள். ஊன்றிய கால் பெயர்ந்த புல்லில் வழுக்க, இரண்டுமே வீண். கேப்டன் மியாமோத்தோ போய் நடுவரிடம் முறையிட, மீதி உதைகள் எதிர்க் கம்பத்துக்கு மாறின. ஜப்பான் 4-3 என வென்று, கிண்ணத்தையும் கொண்டுபோனது. ஜோர்டானுக்கு அந்த மனக்குறை நியாயமானதே: அவர்கள் முதல் உதையைப் போட்டதும் அதே புல்லில் நின்றுதான். விதி என்னவென்றால், கம்பமோ தரையோ பயன்படாத நிலைக்குப் போனாலோ பாதுகாப்புக் காரணம் இருந்தாலோ மாற்றலாம்.

2023-இல் கொரியாவுடன் 3-3 ஆன ஆட்டத்தில் கடைசி கோல் 105-ஆவது நிமிடமா? கூடுதல் நேரம் ஆடினார்களா?
(கெப்போங் வாசகர்)

பிரிவு ஆட்டத்தில் கூடுதல் நேரம் கிடையாது. ரொமேல் மொராலெஸ் போட்டது 90+15, அதாவது வீணான நேரத்துக்கு ஈடாக நடுவர் சேர்த்த நிமிடங்களில். ஜோர்டானிடம் 0-4, பஹ்ரேனிடம் கடைசி நிமிடங்களில் 0-1 என்று தோற்று நாம் அதற்குள் வெளியேறிவிட்டோம். ஆனாலும் அந்தச் சமநிலையால் கொரியா இரண்டாமிடத்துக்கு இறங்க, பஹ்ரேன் முதலிடம் பிடித்தது. பெயர்தான் 2023. சீனா விலகிக் கத்தாருக்குப் போன அப்போட்டி நடந்தது 2024 ஜனவரி, பிப்ரவரியில்.

ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தில் தமிழர் யாரும் உயர் பதவி வகித்தார்களா?
(ஜார்ஜ்டவுன் வாசகி)

பீட்டர் வேலப்பன். 1978 முதல் 2007 வரை பொதுச் செயலாளர். 1980-இல் 10 அணிகள் ஆடிய கிண்ணம் 2004-இல் 16 ஆனது அவர் காலத்தில். சம்மேளனத்தின் தலைமையகமும் புக்கிட் ஜாலிலில்தான். அவருக்கு முன்பே, 1958 முதல் 1977 வரை, துங்கு அப்துல் ரஹ்மான் தலைவராக இருந்தார்.

அடுத்த போட்டியை நாம் எத்தனை மணிக்குப் பார்ப்பது?
(செராஸ் வாசகர்)

2027 ஜனவரி 7 முதல் பிப்ரவரி 5 வரை, சவூதி அரேபியாவில். நமக்கு 5 மணி நேரம் பின்னே. அங்கே மாலை 4 என்றால் இங்கே இரவு 9, அங்கே இரவு 8 என்றால் இங்கே பின்னிரவு 1. அட்டவணையில் தேதியையும் பாருங்கள், பின்னிரவு ஆட்டம் நமக்கு மறுநாள் கணக்கில் வரும்.