சாயல் வந்துவிட்டது, மனம் வரவில்லையே?

கேள்வி: புகைப்படம் பார்த்து உருவப்படம் வரைகிறேன். சாயல் அச்சாக வருகிறது. ஆனால் பொம்மை முகம் போல இருக்கிறது என்கிறார்கள். கண்ணில் நீர் சேர்த்தும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கண்ணீரை எடுத்துவிடுங்கள். அழுகிறார் என்று ஓவியமே சொல்லிவிட்டால், பார்ப்பவர் தேடிப்போக அங்கே எதுவும் மிஞ்சாது.

அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல், புகழ்பெற்ற சக ஓவியர் ஆண்டி வார்ஹாலை 1970இல் வரைந்த படத்தை எடுத்துப் பாருங்கள். 1968இல் துப்பாக்கிச் சூட்டில் சாவின் விளிம்புவரை போய்வந்தவர் வார்ஹால். சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் மருத்துவக் கச்சை, உடம்பில் தழும்புகள், தளர்ந்து தொங்கும் மார்பு. உட்கார்ந்திருக்கும் சோபா வெறும் கோடுதான். கண்கள் மூடியிருக்கின்றன. முகத்தில் வலியின் சுளிப்பு துளியும் இல்லை. ஆனாலும் அந்த மனிதரின் தனிமை நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. உணர்ச்சியெல்லாம் கண்ணில்தான் என்று நம்பியிருந்த எனக்கு அந்த மூடிய இமைகள் பெரிய பாடம்.

ஆகவே முகத்துக்கு வெளியிலிருந்து தொடங்குங்கள். தோள் எந்தப் பக்கம் சரிகிறது, கழுத்து எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது, விரல்கள் எதைப் பற்றிக்கொண்டிருக்கின்றன? ஆஸ்திரிய ஓவியர் கோகோஷ்கா 1909இல் வரைந்த, கலை வரலாற்றாசிரியர்களான டீட்ஸே தம்பதியர் படத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, பேச்செல்லாம் கைகளில்தான்.

முகத்துக்கு வரும்போது, படத்தின் பாதியை ஒரு தாளால் மூடிப் பாருங்கள், பிறகு மறுபாதியை. இரண்டு பாதியும் ஒரே மனநிலையில் இருக்காது. ஒரு பக்கம் சிரிக்கும், மறுபக்கம் காத்திருக்கும். சாயலுக்காக நாம் இரண்டையும் சமப்படுத்திவிடுகிறோம், முகம் செத்துப்போவது அங்கேதான். வாயோரத்தையும் கண்ணோரத்தையும் கூர்மையான கோட்டால் அடைக்காதீர்கள். அவற்றை நிழலில் கரையவிட்டால் பார்ப்பவர் மனமே மீதியை நிரப்பிக்கொள்ளும்.

வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை: கலந்துவைத்த 'தோல் நிறம்' வேண்டாம். நிழலில் கொஞ்சம் பச்சையோ நீலமோ சேருங்கள்.

முடிந்தால் புகைப்படத்தை விட்டுவிட்டு ஆளையே எதிரில் உட்காரவையுங்கள். கேமராவுக்காகப் பிடித்துவைத்த முகம் அரை மணி நேரம் தாங்காது. கை சோர்ந்து, பார்வை எங்கோ போய்விடும். அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கரித்துண்டை எடுத்து வரையத் தொடங்குங்கள்.