வாசகர் கேள்வி: மக்காவில் காபிக்குத் தடை

கேள்வி: மண்ணடியில் தொழுகை முடித்து வருபவர்கள் கடை வாசலில் நின்று, ஒரு கையில் காபியும் மறு கையில் கைபேசியுமாகத் தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்கு விலையைப் பார்க்கிறார்கள். இஸ்லாமிய உலகில் ஒரு காலத்தில் காபிக்கே தடை இருந்ததாமே, உண்மையா?
- ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: உண்மைதான், ஆனால் அந்தத் தடை நிலைக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் யேமன் நாட்டு சூஃபிகள் எனும் இஸ்லாமிய ஞானிகள், இறைவனை நினைந்து ஓதும் இரவு நேர திக்ரின்போது தூக்கம் வராமலிருக்கக் காபி அருந்தினார்கள். அங்கிருந்து அது மக்காவுக்குப் பரவ, 1511இல் எகிப்திலிருந்து மக்காவையும் ஆண்ட மம்லூக் ஆட்சியின் அதிகாரியான காயிர் பேக், இரவில் கூடிக் குடிப்பவர்களைக் கண்டு சந்தேகப்பட்டு, சட்ட அறிஞர்களையும் மருத்துவர்களையும் அழைத்து விவாதித்துத் தடை விதித்தார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அதை முழுமையாக ஏற்கவில்லை. இஸ்லாம் தடுத்துள்ள மது அறிவை மயக்குகிறது, காபியோ விழிப்பூட்டுகிறது என்ற வாதமே பிற்காலத்தில் வென்றது.

1633இல் ஒட்டோமான் சுல்தான் நான்காம் முராத் காபிக் கடைகளை மூடியதற்கு, அங்கே நடந்த அரசியல் பேச்சு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. ஆட்சியாளர்களுக்குப் பானத்தைவிடக் கூட்டமே எப்போதும் உறுத்தும்.

பங்கு விலைக்கும் காபிக்கும் உள்ள உறவும் பழையது. லண்டனில் ஜொனாதன் என்ற காபிக் கடையிலிருந்து 1698இல் ஜான் காஸ்டைங் என்பவர் பங்கு விலைப் பட்டியல் வெளியிடத் தொடங்கினார். அங்கே கூடிய தரகர்களின் வழிவந்ததுதான் லண்டன் பங்குச் சந்தை.