பழைய காருக்கு எந்த ஸ்பார்க் பிளக்? கடலோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, பழைய பெட்ரோல் கார்களை இன்றும் அக்கறையோடு ஓட்டி வருபவர்கள் பலர் பிளக் மாற்றுவது குறித்துக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள் எந்தக் கம்பெனி நல்லது என்றே தொடங்குகின்றன. பெயர் பெற்ற எந்தக் கம்பெனியின் பிளக்கும் போதும்; அது அந்த எஞ்சினுக்கு உரிய எண்ணாக இருக்க வேண்டும், இந்த உப்புக்காற்றில் அதை அவ்வப்போது கழற்றிப் பார்க்கவும் வேண்டும்.

கேள்வி (கீழக்கரை): கார்புரேட்டர் உள்ள பழைய மாருதி 800 வைத்திருக்கிறேன். கழற்றிய பிளக்கில் என்ஜிகே பிபிஆர்5இஎஸ் என்று இருந்தது. கடைக்காரர் போஷ் 7-ஆம் எண் பிளக்கைக் கொடுத்து, எண் கூடினால் சூடு தாங்கும் என்கிறார். மாட்டலாமா?

பதில்: வேண்டாம். எண் ஏறுவதற்கான பொருள் எல்லாக் கம்பெனிகளிலும் ஒன்றல்ல. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் ஏற ஏற, பிளக் வெப்பத்தை விரைவாக, அது திருகப்பட்டிருக்கும் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கடத்திவிட்டுக் குளிர்ச்சியாக இருக்கும். போஷ், சாம்பியன் பிளக்குகளில் இதற்கு நேர்மாறாக, எண் ஏற ஏற பிளக் தன் முனையில் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். உங்கள் பிளக்கின் குறியீட்டில் உள்ள 5-தான் இந்த வெப்ப எண். என்ஜிகே 5-க்கு ஏறத்தாழ இணையானது போஷ் 8. போஷ் 7 என்பது என்ஜிகே 6-க்கு இணை, அதாவது உங்கள் எஞ்சினுக்கு ஒரு படி குளிர்ந்தது.

பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும்; 850 டிகிரியைத் தாண்டினாலோ, பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கீழக்கரைத் தெருக்களுக்குள்ளேயே முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஓடும் வண்டியில் குளிர்ந்த பிளக்கை மாட்டினால், முனை 450 டிகிரியை எட்டாமலே கரி பிடித்துக் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

அந்தக் குறியீட்டின் மற்ற எழுத்துகளையும் அறிந்து வைத்திருங்கள். முதலில் வரும் பி, மரையின் விட்டம் 14 மி.மீ. என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது பி, பீங்கான் முனை வெளியே நீண்டிருப்பதையும், ஆர், உள்ளே மின்தடை இருப்பதையும், இ, மரையின் நீளம் 19 மி.மீ. என்பதையும் சொல்கின்றன. இ இருக்க வேண்டிய இடத்தில் ஹெச் இருந்தால் மரை 12.7 மி.மீ. மட்டுமே, அதையும் உங்கள் ஹெட்டில் திருகிவிட முடியும், ஆனால் மிச்சமிருக்கும் மரையில் கரி அடைத்துக்கொண்டு, பிறகு சரியான பிளக்கே இறங்காது. குட்டை மரைக்குரிய எஞ்சினில் நீள மரையைப் போட்டாலோ பிஸ்டனிலோ வால்விலோ இடித்துவிடலாம். வெப்ப எண்ணில் ஒரு படி தவறினால் கரியோடு போகும்; மரை நீளத்தில் தவறினால் எஞ்சினைப் பிரிக்க நேரும்.

கேள்வி (தங்கச்சிமடம்): புது பிளக் போட்டுச் சில வாரங்களே ஆகின்றன. விடியற்காலையில் எடுத்தால் எஞ்சின் விட்டுவிட்டு ஓடி மிஸ்ஸிங் அடிக்கிறது, சிறிது தூரம் போனதும் சரியாகிவிடுகிறது. பிளக்கைத் திரும்ப மாற்ற வேண்டுமா?

பதில்: உடனே மாற்ற வேண்டாம், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குறை பிளக்கின் வெளிப்புறத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி) உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் தனி நிலையம் அமைத்தது என்றால், உங்கள் ஊர்க் காற்றின் குணத்தை வேறு விதமாக விளக்க வேண்டியதில்லை. அந்த உப்பு, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. பகலில் அது காய்ந்து கிடக்கும். இரவுப் பனியிலும் வாடைக்கால ஈரத்திலும் நீரை இழுத்துக்கொண்டதும், பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும் மின்சாரம் உள்ளே பொறியாகாமல், பீங்கானின் மேற்பரப்பு வழியாகவே ஓடி இரும்பு உடலில் இறங்கிவிடுகிறது. எஞ்சின் சூட்டில் ஈரம் உலர்ந்ததும் மிஸ்ஸிங் நிற்பது அதனால்தான்.

பிளக்கைக் கழற்றிப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கருங்கோடு இருந்தால், மின்சாரம் ஓடிய தடம் அதுதான்; ரப்பர் கேப்பின் உட்புறத்திலும் அதே கோடு இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய கோடு புதியதையும் கெடுத்துவிடும். ஆனால் இரும்பு உடலை ஒட்டிப் பீங்கானைச் சுற்றி வரும் பழுப்பு வளையத்தைக் கண்டு கம்ப்ரஷன் கசிகிறது என்று பயந்து பிளக்கைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. அது உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்த்து உண்டாக்கும் கறை மட்டுமே, அதனால் தீங்கில்லை.

கோடு இல்லையென்றால், பீங்கானை உலர்ந்த சுத்தமான துணியால் துடைத்து, ரப்பர் கேப்பின் வாய்ப்புறத்தில் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையும் பிளக் ஒயர்களையும் அதே நாளில் துடைத்துவிடுங்கள். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் வரிசை மாறாது.

கேள்வி (சாயல்குடி): பழைய அம்பாசிடருக்கு இரிடியம் பிளக் போட்டால் மைலேஜ் கூடுமா?

பதில்: சொல்லிக்கொள்ளும்படி கூடாது. இரிடியம் பிளக்கின் உண்மையான நன்மை ஆயுள். சாதாரண நிக்கல் முனைப் பிளக் 15,000 முதல் 20,000 கி.மீ. வரை உழைக்கும் என்றால், இரிடியம் பல மடங்கு உழைக்கும். அதன் மெல்லிய முனைக்குக் குறைந்த மின்னழுத்தமே போதும் என்பதும் உண்மைதான். ஆனால் பிளக்கை நெடுங்காலம் கழற்றாமல் விட்டுவைப்பது நம் கடற்கரைக்கு நல்ல பழக்கமல்ல. விலை குறைந்த பிளக்கை வாங்கி, ஆண்டுக்கு இருமுறை கழற்றிப் பார்த்து, உரிய காலத்தில் மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் இல்லாமல், பழைய தொடுமுனைகளான பாயின்ட் செட் உள்ள வண்டியானால் முனை இடைவெளியை, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்து ஏறத்தாழ 0.65 மி.மீ. அளவில் வையுங்கள். பெட்டியிலிருந்து வரும் இடைவெளி பெரும்பாலும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்காக அகலமாக வைத்ததாக இருக்கும். உயர் மின்னழுத்தம் தரும் பழைய காயிலால் அந்த அகலத்தில் பொறி தாண்ட வைக்க முடியாது.

கேள்வி (தேவிபட்டினம்): அலுமினிய ஹெட்டில் பிளக் இறுகிவிட்டது. புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவலாமா?

பதில்: முதலில் இறுகியதைக் கவனமாக எடுக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறட்டும். பிளக் குழியில் தேங்கிய மணலைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். நம் பகுதியில் இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனென்றால் பிளக் வெளியே வந்த மறுகணம் அந்த மணல் சிலிண்டருக்குள் விழும். துரு நீக்கும் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு இரவு முழுவதும் ஊற விடுங்கள். பிறகு கால் சுற்றுத் தளர்த்தி, திரும்பச் சிறிது இறுக்கி, மறுபடி தளர்த்தி, முன்னும் பின்னுமாக எடுங்கள். ஒரே மூச்சில் பலம் காட்டினால் பிளக்கோடு ஹெட்டின் மரையும் சேர்ந்து வந்துவிடும்.

புதிய பிளக்கின் மரையில் நிக்கல் அல்லது துத்தநாகப் பூச்சு இருந்தால் கிரீஸ் தேவையில்லை. தடவினால் மரை வழுக்கிக்கொண்டு, கைக்குத் தெரியாமலே அளவுக்கு மேல் இறுகிவிடும். 14 மி.மீ. மரையும் வாஷரும் உள்ள பிளக்குக்கு, அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதுமானது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், விரலாலேயே கடைசி வரை திருகி, வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை திருப்பினால் போதும். ஏற்கெனவே பயன்படுத்திய பிளக்கானால் வாஷர் நசுங்கியிருக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி (மண்டபம்): என்னுடையது டீசல் அம்பாசிடர். எந்த எண் பிளக்?

பதில்: டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதில் இருப்பது, ஸ்டார்ட் ஆக உதவச் சூடேற்றும் ஹீட்டர் பிளக். பழைய பிளக்கில் உள்ள வோல்ட் அளவையும் மரையையும் பார்த்து அதே வகையை வாங்குங்கள்.

கேள்வி (தொண்டி): கார்புரேட்டர் வண்டியில் பிளக் முனை வெளுத்துப் போகிறது. ஒரு படி குளிர்ந்த பிளக் போடலாமா?

பதில்: இப்போதைய பெட்ரோலில் ஆரோக்கியமான எஞ்சினின் பிளக்கே முன்பைவிட வெளிறித்தான் இருக்கும், இளம் பழுப்போ சாம்பல் கலந்த வெள்ளையோ இருந்தால் கவலை வேண்டாம். பீங்கானில் கொப்புளமோ, உலோக முனையில் உருகிய மணியோ தெரிந்தால்தான் அபாயம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே அளவு காற்றில் கூடுதல் எரிபொருள் தேவை. பெட்ரோல் வரும் துளையான ஜெட் பழைய அளவிலேயே இருக்கும் கார்புரேட்டர் அதைத் தானாகக் கூட்டித் தராததால் கலவை மெலிந்துவிடுகிறது. கார்புரேட்டர் அடியில் காற்று இழுக்கும் வெடித்த கேஸ்கட்டும், மிகையாக முன்தள்ளிய டைமிங்கும்கூட (பொறி வரும் நேரம்) இதே வெளுப்பைத் தரும். இவற்றைச் சரிசெய்யாமல் குளிர்ந்த பிளக்கைப் போட்டால் முனையின் நிறம் மட்டும் மாறும். வால்வும் பிஸ்டனும் அதே சூட்டில்தான் இருக்கும். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, கலவையையும் டைமிங்கையும் பார்க்கச் சொல்லிவிட்டு, உரிய எண் பிளக்கையே மாட்டி 500 கி.மீ. ஓடிய பின் மறுபடி கழற்றிப் பாருங்கள்.