எக்கோ ‘நார்மல்’ என்றால், இரண்டாவது தலையணை எதற்கு?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் 51 வயது வாசகருக்கு,

நீங்கள் பட்டியலிட்டிருக்கும் கண் துடிப்பது, ஏப்பம், முடி கொட்டுவது, தோளைத் திருப்பும்போது மட்டும் வரும் குத்தல் ஆகியவற்றை இன்றே மறந்துவிடுங்கள். எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) அறிக்கையில் இருந்த ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’, அதாவது இதயம் விரிந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்வதில் லேசான குறை, என்ற சொற்களை இணையத்தில் தேடி, அப்பாவைப் போல நாமும் போய்விடுவோம் என்று நான்கு இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்களின் எக்கோவில் அச்சொற்களை அடிக்கடி பார்க்கிறோம். அவை மட்டுமே இதயச் செயலிழப்பு ஆகிவிடா. ஆனால், கொருக்குப்பேட்டை ரயில் நிலையப் படிகளில் பாதியில் நின்றுவிடுவதாகவும், இரண்டு மாதமாக இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு சீராக இருப்பதாகவும் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இடுப்பளவு 104 சென்டிமீட்டர், ரத்த அழுத்தம் 146/92, வெறும்வயிற்றுச் சர்க்கரை 118, டிரைகிளிசரைடு 230, நல்ல கொழுப்பு 36. நம் நாட்டு ஆண்களுக்கு இவை முறையே 90, 130/85, 100, 150 என்ற அளவுகளுக்குக் கீழேயும், நல்ல கொழுப்பு 40க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். மூன்று தவறினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்ற வளர்சிதைமாற்றக் கோளாறு. உங்களுக்கு ஐந்தும் தவறியிருக்கின்றன. இது ரத்தக்குழாய் அடைப்புக்கு வழிவகுப்பதோடு இதயத்தின் தசையையும் மாற்றுகிறது. அழுத்தத்தை எதிர்த்து அடித்து அடித்து இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் தசை சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பையே பெரிதும் எரிக்கிறது. இடையிடையே நார்த்திசு படிகிறது. உலைத்துருத்தியின் தோல் காய்ந்து விறைத்துவிட்டால் அமுக்கும்போது காற்று வெளியேறும், ஆனால் விரிக்கும்போது போதிய காற்று உள்ளே வராது. உங்கள் அறிக்கையில் ‘நார்மல்’ என்று தெரியும் 62 சதவீதம் அமுக்கும் திறனைத்தான் சொல்கிறது. விரிய மறுக்கும் அறையில் அழுத்தம் ஏறி நுரையீரல் வரை பின்னோக்கிச் செல்வதால், மட்டமாகப் படுத்ததும் கால்களிலுள்ள ரத்தமும் மார்புக்குத் திரும்பி மூச்சு முட்டுகிறது. தலையை உயர்த்தினால் தணிகிறது.

இதே மூச்சிரைப்பு ரத்தசோகையாலும், ஆஸ்துமாவாலும், இதயக் குழாய் அடைப்பாலும் வரலாம். அதனால் இந்த வாரமே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவுக்கோ உங்கள் இதயநோய் மருத்துவரிடமோ சென்று, தலையணை விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எக்கோவை மறுபடி பார்ப்பதோடு, இதயத்தின் மீதான சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று அவர் முடிவுசெய்வார். சர்க்கரைக்கென வந்த எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகள், அமுக்கும் திறன் குறையாமலே வரும் இவ்வகை இதயச் செயலிழப்பில் மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைப்பதை 2021, 2022ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. இதைப் படித்துவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போய்விடாதீர்கள்.

மருந்துக்கடை என்றதும் சொல்லியே ஆக வேண்டும். முழங்கால் வலிக்கு ஆறு மாதமாக யாரையும் கேட்காமல் டைக்ளோஃபெனாக் விழுங்குகிறீர்கள் என்பதைப் படித்து எனக்குக் கோபமே வந்தது. அது உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, அழுத்தத்தை ஏற்றி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்றோடு நிறுத்துங்கள். காசிமேட்டுக் கருவாட்டையும் ஊறுகாயையும் தள்ளிவையுங்கள்.

இன்றிரவு கணுக்காலுக்கு மேல், எலும்பின்மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் நாளைக் காலையே மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் மூச்சுமுட்டி எழுந்து உட்கார நேர்ந்தாலோ, வியர்வையோடு நெஞ்சு இறுக்கினாலோ விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள்.